பர்லாங் அண்ணாச்சியும் நடந்துபோன மைல்கல்லும்

‘பக்கந்தான்’ என்ற சொல்லைக் கேட்டுக் கோபப்படுகிற மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் கோவில்பட்டியில் பிறந்துவிட்டார். அந்தச் சொல் இல்லாமல் ஒரு பகல்பொழுதைக்கூடக் கடத்த இயலாத ஊர் அது. கயத்தாறு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள், “இந்தா, பக்கந்தான்” என்பார்கள். கழுகுமலை பக்கந்தான். நாகலாபுரம் கொஞ்சம் தள்ளி, ஆனாலும் பக்கந்தான். பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிவிட்டால் சென்னைகூடப் பக்கந்தான். இப்படி ஊரே தூரத்தை ஒழித்துக்கட்டிவிட்டு நிம்மதியாக வாழ்கையில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் பெயிண்டும் ஆணியும் விற்கிற ஒரு கடையிலிருந்து மட்டும் ஒரு குரல் தனியாக எழும்: “பக்கந்தான்னா? எத்தனை மைலு? எத்தனை பர்லாங்கு?”

ஒரு மைலை எட்டாகப் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு பர்லாங்கு. இந்தக் கணக்கை நாடே மறந்து கிலோமீட்டருக்கு மாறிப் பல காலமாகிவிட்டது. அவர் மாறவில்லை. ஆகவே ஊர் அவருடைய இயற்பெயரை மறந்து, ‘பர்லாங் அண்ணாச்சி’ என்று வைத்துக்கொண்டது. கடையின் பெயர்ப் பலகையில் அவருடைய பெயர் பெரிதாகவே எழுதியிருந்தது. அங்கே குடியிருந்த காலம் முழுவதும் அதன் கீழேதான் நான் செருப்பைக் கழற்றினேன். இப்போது எவ்வளவு யோசித்தாலும் அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை.

ஒரு புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் ‘பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அண்ணாச்சி விழாவுக்கு அளந்துகொண்டே போனார். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தவர், மொய்க் கவரை நீட்டிவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: “மிக அருகில் இல்ல வே. ஒரு மைலு ரெண்டு பர்லாங்கு. அடுத்த பத்திரிகையில திருத்திருங்க.”

“அடுத்த பத்திரிகையா? இந்த ஒரு வீட்டைக் கட்டுததுக்குள்ளயே நாக்கு தள்ளிட்டு அண்ணாச்சி!” என்றார் அவர்.

நான் வேறு மாவட்டத்துக்காரி. சமூகப் பணியில் முதுகலை படித்துவிட்டு, மழையை மட்டும் நம்பி விதைக்கிற விவசாயிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து கோவில்பட்டிக்கு வந்தேன். அண்ணாச்சியின் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. எந்தக் காரியத்தையும் அதன் விளைவுகளை நன்மை, தீமை, எதிர்பாராதவை என்று பிரித்துப் பார்க்காமல் தொடங்கக் கூடாது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு அப்படி யாரும் எதையும் கற்பித்திருக்கவில்லை. என்னிடம் ஒரு ஸ்கூட்டி இருந்தது; அவரிடம் ஒரு சுண்ணாம்பு வாளி இருந்தது. முதல் மாதத்திலேயே இரண்டும் ஒன்றுசேர்ந்துவிட்டன.

அவருடைய சேவை பழைய மைல்கற்களைக் காப்பாற்றுவது. யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. நன்றி சொன்னவர்களும் இல்லை. கிலோமீட்டர் வந்தபோது மைல்கற்களுக்கு வேலை போயிற்று. சாலைகளை நேராக்கி அகலப்படுத்தியபோது இடமும் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அலுவலக வாசலை விட்டு நகராத குமாஸ்தாக்களைப் போல அவை பழைய பாதைகளின் ஓரத்திலேயே, வேலிக்கருவை மரங்களுக்குள் நின்றுகொண்டிருந்தன. சிலவற்றின் மேல் துணி துவைத்தார்கள். ஒன்றில் எருமை முதுகு சொறிந்தது. இன்னொன்று ஒரு டீக்கடையில் பெஞ்சுக்குக் காலாக இருந்தது. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைதோறும் அவற்றைத் தேடிப்போய், முள்ளை வெட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மைல் எண்ணை மட்டும் கறுப்பு எனாமலில் எழுதிவிட்டு வருவார். ஒரு கல்லுக்கு இரண்டு பூச்சு, அவர் மொழியில் இரண்டு கோட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதனால் கடையின் வணிகம் எப்படி நடந்தது என்பதற்கு ஓர் உரையாடலே போதும்.

“அண்ணாச்சி, கறுப்பு எனாமல் இருக்கா?”

“இருக்கு.”

“ஒரு லிட்டர் குடுங்க.”

“இல்ல.”

“இப்பதான இருக்குன்னீங்க?”

“இருக்கு வே. அது கல்லுக்கு வச்சிருக்கு. நீரு வேணும்னா பச்சை வாங்கிட்டுப் போம். வீட்டு கேட்டுக்குப் பச்சை நல்லாத்தான் இருக்கும்.”

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, நான் மதினி என்று அழைத்தவர், என் பக்கம் திரும்பிச் சொல்வார்: “பாத்தியா தாயி, இவிய யாவாரத்தை. கட்டிட்டு வந்ததுல இருந்து எனக்கு ஒரு டப்பா பவுடர் வாங்கித் தந்தது இல்ல. கல்லுக்கு மட்டும் ரெண்டு கோட்டு!”

“நீ வெயில்ல நிக்கியா? அது நிக்குல்லா?” என்பார் அண்ணாச்சி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மைல்கல்லைச் சாமி என்று கும்பிடுகிறவர்களுக்கும் அவருக்கும் என்ன தகராறு வந்தது என்று வாசகர்கள் ஆவலோடு எதிர்பார்க்கலாம். மன்னிக்கவும், வரவில்லை. மஞ்சள் பூசிப் பட்டுத்துணி கட்டிய கல் எதிர்ப்பட்டால் கும்பிட்டுவிட்டு என்னை வண்டியைக் கிளப்பச் சொல்வார். “சாமியான கல்லு பத்திரமா இருக்கும் தாயி. ஒருத்தன் கை வைப்பானா? நமக்குக் கவலை எல்லாம் சாமியாகாத கல்லுக்குத்தான்.”

உண்மையான தகராறு படித்தவர்களோடுதான் வந்தது. நகரத்தின் ஒரு சங்கத்தார், எல்லா மைல்கற்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து பூங்காவில் வரிசையாக நட்டு விளக்குப் போடலாம் என்று யோசனை சொன்னார்கள். மிகவும் பொறுப்பான யோசனை என்று எனக்குப் பட்டது. விளைவுகளின் பட்டியலில் நன்மைகளே மிகுந்திருந்தன. அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

“பார்க்குக்குள்ள நின்னுக்கிட்டு அது ‘கழுகுமலை நாலு மைலு’ன்னு சொல்லுமா? அது கல்லா வே? பொய்ச்சாட்சி! இடத்தை மாத்துனா கல்லு பொய் சொல்லும். பொய் சொல்லுததுக்கு ஊருக்குள்ள ஆள் இல்லைன்னா கல்லைக் கூட்டிட்டு வாரீரு?”

சங்கத்தார் தேநீர் அருந்தாமலே போய்விட்டார்கள்.

இந்தக் கொள்கையில் பிடிவாதமாக இருப்பதற்குக் கரிசல் நல்ல மண் அல்ல. கோடையில் கணுக்கால் போகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஐப்பசி மழை விழுந்ததும் ஊறி உப்பும். நட்டுவைத்த எதையும் அது நேராக நிற்கவிடுவதில்லை. எங்கள் நிறுவனத்தின் பெயர்ப் பலகைகூட இரண்டு மழைக்குள் யாரையோ வணங்குவதுபோல முன்னால் சாய்ந்துவிட்டது. அப்படியானால் இந்தக் கற்கள் முதலில் நட்ட இடத்தில்தான் இருக்கின்றன என்பதற்கு என்ன உறுதி என்று ஒருநாள் கேட்டேன்.

“கரிசல் கல்லைச் சாய்க்கும் தாயி. கீழ இழுத்து முழுங்கவும் பாக்கும். ஆனா இடத்தை மாத்தாது. பக்கவாட்டுல கொண்டு போகுத வேலை மண்ணுக்குத் தெரியாது. இடத்தை மாத்துததுன்னா அது மனுசப் பயலாத்தான் இருக்கணும். ஆனா கல்லைப் போயி எவன் மாத்துவான்?” என்றார்.

மனிதர்களைப் பற்றி அவர் வைத்திருந்த இந்த நல்லெண்ணம்தான் பின்னால் எங்களை ஒரு சம்மட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அவருடைய அளவுக் கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய சைக்கிள் ஒன்றின் முன்சக்கரத்தைக் கழற்றி, கைப்பிடி போட்டு, ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று தட்டுகிறாற்போல ஒரு தகரத்துண்டை வைத்துக் கட்டியிருந்தார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு சாலையோரமாக நடப்பார். எத்தனை தட்டு என்பதை வாய்க்குள் எண்ணுவார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. ஆனால் ஊருக்குள் அவரைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

“என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?”

“நூத்தி நாப்பது!” என்பார் அண்ணாச்சி, தலையைத் திருப்பாமல்.

இந்தச் சக்கரம் செய்த சமூக விளைவுகளை மட்டும் தனி அறிக்கையாக எழுதலாம். அதை உருட்டிக்கொண்டு, தன்னை அறியாத ஒரு கிராமத்தை அவர் கடந்தால், மறுநாள் நிலத் தரகர்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் அதே வழியாக வருவார்கள். நாற்கர சாலைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பாதிப் பேர் பதறுவார்கள். மீதிப் பேர் பின்னாலேயே ஓடிவருவார்கள். “சார், எங்க காட்டையும் சேத்து எடுத்துக்கிடுங்க. கல்லும் கருவையுமாக் கிடக்கு, ஒண்ணும் வெளையல” என்று ஒரு பெரியவர் எங்கள் ஸ்கூட்டியின் குறுக்கே வந்து நின்றிருக்கிறார். தவறான தகவல் பரவுவதன் ஆபத்தை அண்ணாச்சிக்கு நான் விரிவாக எடுத்துச்சொன்னேன். “நான் எவன்கிட்டயும் கவர்மெண்டுன்னு சொல்லலியே. அவனுவளா நினைச்சா நான் என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு அடுத்த கல்லுக்குச் சக்கரத்தைத் திருப்பினார்.

கழுகுமலைக்குப் போகும் பழைய பாதையில் ஒரே ஒரு கல் மட்டும் அகப்படாமல் இருந்தது. முன்கல்லும் இருந்தது, பின்கல்லும் இருந்தது, நடுக்கல்லைக் காணோம். அவருக்கு அது, சிரிக்கிற வாயில் முன்பல் போன மாதிரி. இரண்டு கோடைகள் தேடினோம். மூன்றாவது கோடையில், பாதையிலிருந்து பிரியும் ஒரு சிற்றூரின் எல்லையில் அகப்பட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது. இரண்டு புன்செய்க் காடுகள் சந்திக்கிற வரப்பின் முனையில், எண் இருந்த முகம் மண்ணில் புதைய, குப்புறக் கிடந்தது. அண்ணாச்சி அதன் அருகில் உட்கார்ந்து, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு முன்கல்லிலிருந்து ஒருமுறையும் பின்கல்லிலிருந்து ஒருமுறையும் சக்கரத்தை உருட்டினார். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து முடிந்தன. கல் கிடந்த இடம் அது அல்ல. கல் இருக்கவேண்டிய இடம் அங்கிருந்து கிழக்கே சில முழம் தள்ளி இருந்தது.

“டிராக்டர்காரன் எவனாவது தெரியாம இடிச்சிருப்பான்” என்றார்.

சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல் பெறவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். டீக்கடையில் கேட்டோம். டீக்கடைக்காரர் சக்கரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தாராளமா நடுங்க சார். பழைய கல்லுதான” என்று மரியாதையாக எழுந்து நின்றார். அந்த மரியாதையைப் பற்றி நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும். கூலிக்கு இரண்டு பேரைப் பிடித்து, குழி தோண்டி, சரளை கொட்டி, கல்லைத் தூக்கி நிறுத்தினோம். இரண்டு கோட்டுச் சுண்ணாம்பு; கறுப்பு எனாமல். திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சி ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சீட்டியடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

புரட்டாசியில் உழவு தொடங்கியது, மார்கழியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பது தாண்டியவள். பஸ்ஸிலிருந்து இறங்கி, சக்கரம் உருட்டுகிறவரின் இடத்தை விசாரித்த வேகம் குறையாமல் வந்து, கல்லாவின் முன் நின்று, “கல்லு நட்ட கவர்மெண்டுக்காரவிய யாரு?” என்று கேட்டாள்.

மதினி விரலால் கணவரைக் காட்டினார்.

அவள் பெயர் பேச்சியம்மாள். வரப்புக்கு ஒரு பக்கத்துக் காடு அவளுடைய அண்ணன் சீனிச்சாமிக்கு. மறுபக்கம் அவளுடைய கணவர் முத்தையாவுக்கு. முன்பு ஒரே காடாக இருந்ததை இரண்டு பங்காக்கியபோது, ‘மைல்கல்லுக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு’ என்று வாய்ப்பேச்சிலேயே முடித்திருந்தார்கள். இப்போது கல் சீனிச்சாமி பக்கமாகத் தள்ளி நிற்கிறது. முத்தையா கல் வரைக்கும் உழுதுவிட்டார். ‘கவர்மெண்டே அளந்து நட்டுட்டாவ. இம்புட்டு நாளும் எங்க மச்சான் எங்க காட்டைத் திருடித் தின்னுருக்காவ’ என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லியும் விட்டார். சீனிச்சாமி ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிற மனிதர். அந்தக் கல்லை உடைத்து ஜல்லியாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லிவிட்டார்.

“கல்லை உடைச்சா உடைக்கட்டும், அது உம்ம பாடு” என்றாள் பேச்சியம்மாள். “இந்த வருசம் பொங்கப்படி கிடையாதுன்னு சொல்லிட்டாவ எங்க அண்ணன். அதுக்கு என்ன சொல்லுதீங்க?”

தைப் பொங்கலுக்குக் கரும்பும் வாழைத்தாரும் அரிசியும் வெல்லமும் மஞ்சள்குலையும் எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவள் வீட்டுக்கு அண்ணன் தம்பிமார் போவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் பொங்கப்படி என்று பெயர். அவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது நிற்காது. நின்றால், பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று பொருள். எனக்கு உடன்பிறந்த ஆண்கள் கிடையாது. ஆகவே இந்தச் செய்தியின் கனம் எனக்கு ஏறச் சற்று நேரமாயிற்று. மதினிக்கு உடனே ஏறிவிட்டது. எழுந்து வந்து அவளுக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

“ஒரு டிராக்டர் தெரியாம இடிச்சதுக்கா இவ்வளவு?” என்றார் அண்ணாச்சி பரிதாபமாக.

“எந்த டிராக்டரு? எங்க வீட்டுக்காரவிய ஆடியில ஒரு சாண் அங்கிட்டு நெம்பி வைப்பாவ. எங்க அண்ணன் ஆவணியில ஒன்றரைச் சாண் இங்கிட்டு நெம்பி வைப்பாவ. ரெண்டு பேருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம். கல்லு அதுபாட்டுக்குப் போய்ட்டு வரும். குடும்பம் நிம்மதியா இருந்துச்சு. நீங்க வந்து அதை நிமித்தி வச்சு, வெள்ளையும் அடிச்சு, குடும்பத்தைக் கெடுத்துட்டீங்க!”

அண்ணாச்சி யாரிடமும் இல்லாமல் கேட்டார்: “கல்லை… தெரிஞ்சேவா?”

அவருடைய வாழ்க்கையில் ஏதோ ஒன்று அன்று சில முழம் நகர்ந்துவிட்டது.

என் கல்வி எனக்குக் கைகொடுக்க வேண்டிய தருணம் இது என்று நினைத்தேன். இரு தரப்பையும் உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்ளச் செய்து, பரஸ்பரம் வருத்தம் தெரிவித்துப் புதிய எல்லையை ஏற்கவைப்பது என்று ஒரு திட்டத்தை விளக்கினேன். மதினி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரையும் ஊருக்கு முன்னால திருடன்னு ஒத்துக்கிடச் சொல்லுதே. அதுக்கு அப்புறம் பொங்கப்படி வருமா தாயி, போலீஸ் வருமா?” என்று கேட்டார். விளைவுகளைப் பற்றி என்னைவிட நன்றாக யோசிக்கக்கூடிய ஒருவர் அதுவரை கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததுமே அண்ணாச்சி வாளியோடு என் அறைக்குப் படியேறி வந்து நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. அவர் கல்லின் இரண்டு பக்கங்களையும் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நாங்கள் அடித்த சுண்ணாம்பு பனியில் ஊறி உதிர்ந்த இடங்களில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடப்பாரை கொத்திய தடங்கள் தெரிந்தன. பழையவை, புதியவை, ஆடிக்கு உரியவை, ஆவணிக்கு உரியவை. எண்ணின் மேல் கைவைக்காமல், அந்த இரண்டு பக்கங்களுக்கு மட்டும் அவர் கெட்டியாகச் சுண்ணாம்பைக் கரைத்து அடித்தார். தடங்கள் மூடின.

“இது மூணாவது கோட்டு அண்ணாச்சி” என்றேன்.

“பனி ஜாஸ்தி” என்றார்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் கூடிவிட்டது. சீனிச்சாமி தோளில் சம்மட்டியோடு வந்தார். முத்தையா கைகளைக் கட்டிக்கொண்டு தன் உளுந்துக்குக் காவல் நிற்பதுபோல நின்றார். இருவருக்கும் நடுவில், இரண்டு பேரையும் பார்க்காமல் பேச்சியம்மாள்.

“எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டுன கல்லு இது. இன்னைக்கு இது ஜல்லி” என்றார் சீனிச்சாமி.

“உடைங்க மச்சான். சாட்சியை அழிக்குதது களவாணிக்கு வழக்கந்தான” என்றார் முத்தையா.

“மாப்ளே, வார்த்தையை அளந்து பேசும்!”

“அதான் அளந்து நட்டுட்டாவளே, கவர்மெண்டுல!”

டீக்கடைக்காரர் நடுவே புகுந்தார். “ஏலே, கொஞ்சம் சும்மா இருங்கலே. சார்வாள் வந்திருக்காவ, அவிய சொல்லட்டும். சார், கவர்மெண்டு என்ன சொல்லுது?”

“நான் கவர்மெண்டு இல்ல” என்றார் அண்ணாச்சி. “பெயிண்டு கடை.”

நிலம் கையகப்படுத்தப்படும் என்று அஞ்சியவர்களும், கையகப்படுத்தப்படாதா என்று ஏங்கியவர்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

“பெயிண்டு கடையா? அப்ப அந்தச் சக்கரம்?”

“சைக்கிள் சக்கரம்.”

“சரி, யாரா இருந்தா என்ன. அளந்தது நீருதான? கல்லு எப்படி வே இடம் மாறுச்சு? அதைச் சொல்லும்” என்றார் டீக்கடைக்காரர், ‘சார்’ என்பதிலிருந்து ‘வே’ என்பதற்கு இறங்கி.

சீனிச்சாமி சம்மட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தார். அண்ணாச்சி ஓங்கி நின்ற தன் கல்லைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கரிசல் இருக்குல்லா, அது ஒரு இடத்துல கிடக்காது. கோடையில வெடிக்கும். ஐப்பசியில உப்பும். வெடிச்சு உப்பி, வெடிச்சு உப்பி, வருசத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் கல்லை நடத்திட்டுப் போயிரும். உங்க தாத்தாமாரு காலத்துல இருந்து நடந்து நடந்து அங்க போயிருக்கு. இதுல ஒருத்தர் மேலயும் குத்தம் இல்ல. மண்ணோட கொணம்.”

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சம்மட்டியின் தலை மெள்ள மண்ணில் ஊன்றியது. “அதான கேட்டேன்!” என்றார் சீனிச்சாமி. முகம் தெளிந்துவிட்டது. “நானும் நினைச்சேன். சில நாளு காட்டுல படுத்திருக்கையில கேக்கும், மண்ணு நகருத சத்தம்.”

முத்தையா விட்டுக்கொடுக்கவில்லை. “எங்க பக்கத்து மண்ணும் நகட்டும் மச்சான். ஆனா கொஞ்சந்தான்” என்றார்.

“ஆமா ஆமா. மண்ணுக்குக் கையும் காலும் முளைச்சுக் கடப்பாரையைத் தூக்கிட்டுப் போனதை நானே பாத்திருக்கேன்” என்றாள் பேச்சியம்மாள்.

“ஏட்டி, பெரியவிய பேசும்போது சும்மா இரு!” என்று அண்ணனும் கணவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஆண்டில் அவர்கள் ஒன்றாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

“மண்ணு கொண்டுபோனது மண்ணுக்கே போகட்டும் மாப்ளே. கல்லு நிக்குத இடந்தான் எல்லை” என்றார் சீனிச்சாமி. கூட்டம் கலைகிற நேரத்தில் யாரோ ஓர் இளவட்டம் கேட்டான்: “எம்புட்டு தூரம் அண்ணாச்சி நடந்திருக்கும், கல்லு?”

சாண் கணக்காக, விரற்கடை கணக்காக அதைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் அவர்தான். அவர் வாளியை எடுத்துக்கொண்டு, “என்ன, ஒரு குத்துமதிப்பா… கொஞ்ச தூரந்தான்” என்றார்.

திரும்பும் வழியில் அவர் சீட்டியடிக்கவில்லை. நானாகத்தான் கேட்டேன்: “அண்ணாச்சி, கரிசல் கல்லைப் பக்கவாட்டுல நகர்த்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பாத்து ஓட்டு தாயி. பள்ளம்” என்றார்.

சாலையில் பள்ளம் ஒன்றும் இல்லை.

கடையில் மதினி காலி வாளியை எட்டிப் பார்த்தார். “என்னது, மூணு கோட்டா?” என்றார். அன்று மாலை அவர் முன்னால் ஒரு பவுடர் டப்பா இருந்தது. வாங்கி வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அண்ணாச்சியும் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்குச் சீனிச்சாமி தங்கை வீட்டுக்கு டிராக்டரில் பொங்கப்படி கொண்டுபோனார். கல்லைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி இறங்கி, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். கல் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பாதையின் கல் வரிசையில் இடம் பிசகாமல் உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற கல் அது. பக்கங்களில் மட்டும் சுண்ணாம்பு கொஞ்சம் தடிப்பு.

பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்து, வடக்கே வெகு தொலைவில் ஒரு நகரத்துக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு தைக்கும் முன்னால் லாரி பார்சலில் எனக்கு ஒரு மூட்டை வரும்: அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, இரண்டாக வெட்டிக் கட்டிய கரும்பு, மதினி தனியாகப் பொட்டலம் கட்டிய கடலைமிட்டாய். அனுப்புநர் இடத்தில், கடைப் பலகையில் இருந்த அவருடைய அந்தப் பெயர் இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன்.

சென்ற மார்கழியில் அவரே தொலைபேசினார். இந்தத் தடவை பார்சல் வேண்டாம், பொங்கப்படியை நேரில் கொண்டுவருவதுதான் முறை என்று மதினி சொல்லிவிட்டாராம். அந்த வயதில், அந்தக் குளிரில், இரண்டு ரயில் மாறி வரவேண்டிய பயணம். விளைவுகளை எடுத்துச் சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரியும். ஆகவே அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம் என்று, கிலோமீட்டரை மைலாக்கி, மைலில் நின்ற மிச்சத்தைப் பர்லாங்காக்கி, நிதானமாக, ஒரு பர்லாங்குகூட விட்டுப்போகாமல் படித்தேன்.

மறுமுனையில் அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“பக்கந்தான் தாயி” என்றார். “வாரேன்.”